ஒன்றுமில்லை என்று கேட்பதற்கு 88 ஆயிரம் ரூபாய்

2023 பொங்கல் முடிந்து நாலாம் நாள் என் பெரியப்பா மகன் இறந்துபோனார். எனக்கு மூன்று வயசுதான் மூத்தவர். பீடி சிகரெட் கிடையாது, சர்க்கரை கிடையாது. காலையில் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன், கால் பக்கம் பிடித்திருந்தேன். ஒரு கால் செருப்பு எங்கேயோ விழுந்துவிட்டது, இன்னொன்று ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கழலவே இல்லை. காரியம் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அந்தச் செருப்புதான் கண்ணுக்குள் நின்றது. அவருக்கே வந்தது என்றால் நமக்கு வராதா என்று முதல் தடவை நினைத்தது அன்றைக்கு ராத்திரிதான். அது அடுத்த 14 மாதம் என்னை விடவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். எந்தச் செலவையும் தேதி போட்டு எழுதி வைப்பது தொழில் பழக்கம். அந்தப் பழக்கத்தால்தான் இதைச் சொல்லவே முடிகிறது. அந்த 14 மாதத்தில் எனக்கு நெஞ்சில் ஒன்றுமில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் நான் செலவழித்தது 88,647 ரூபாய். சம்பளப் பிடித்தம் போன 31 நாள் லீவு இதில் சேராது.

முதல் தடவை வந்தது பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி. படுத்து, தூக்கம் பிடிக்கிற நேரம். யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது மாதிரி நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்தேன். மூச்சு போதவில்லை, கைவிரல் எல்லாம் மரத்துக் குறுகுறுத்தது, உள்ளங்கை வேர்த்தது. சாகப் போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பயந்தேன் என்று சொன்னால் சரியாக வராது. அந்த நேரத்தில் நாளைக்குப் புதன்கிழமை என்பது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயம். மனைவியை எழுப்பி, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நானே காரை ஓட்டிக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை செய்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ராத்திரி ஐசியுவில் வைத்துப் பார்த்தார்கள். காலையில் பில் 23,400.

இங்கேயே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் முதல் தடவை வருகிறதென்றால் அது பயத்தினால் வந்ததா, இதயத்தில் கோளாறா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அதில் நான் செய்தது சரி. காரை நானே ஓட்டியது முட்டாள்தனம், 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டாவது, இன்சூரன்ஸ். ஒரு ராத்திரி தங்கினால் பணம் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. பரிசோதனைக்காகவும் கண்காணிப்புக்காகவும் மட்டும் அட்மிஷன் போட்டால் கிளெய்ம் கிடையாது என்று அநேகமாக எல்லா மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியிலும் ஒரு விலக்கு இருக்கிறது. கணக்குப் பிள்ளையாக இருந்தும் என் பாலிசியை அதுவரை நான் முழுசாகப் படித்ததில்லை.

சரி, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், நிம்மதியாக இருந்தேனா என்றால் மூன்று வாரம் இருந்தேன். நாலாவது வாரம் இடது தோள்பட்டையில் ஒரு பிடிப்பு. ஈசிஜியில் எல்லாம் தெரியாது, இதயத்தை ஸ்கேன் செய்கிற எக்கோவும், நடக்கவிட்டு ஈசிஜி எடுக்கிற டிஎம்டியும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கம்பெனியில் ஒருவர் சொன்னார். கோயம்புத்தூர் போய் எடுத்தேன், 6,800. ஒன்பது நாள் நிம்மதி. அப்புறம், நெஞ்சு படபடக்கிற நேரத்தில் எடுத்தால்தானே தெரியும் என்று ஒரு சந்தேகம். 24 மணி நேரம் ஒயர் மாட்டிக்கொண்டு திரிகிற, இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி, 3,500. அடைப்பு இருந்தால் ஹோல்டரில் தெரியாதே என்று அடுத்த சந்தேகம். சிடி ஆஞ்சியோ, 11,000. ரத்தக்குழாய்களில் அடைப்பு எதுவும் இல்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் எனக்கு நாலு நாள் தாங்கியது. நாள் ஒன்றுக்கு 2,750 ரூபாய் ஆகிறது. திருப்பூரில் நல்ல ஓட்டலில் ரூம் போட்டுத் தங்கியிருக்கலாம்.

ரிப்போர்ட் ஏற ஏற நிம்மதி நாள் குறைந்துகொண்டே வந்ததை அப்போதே கணக்கில் கவனித்திருக்க வேண்டும். ஒவ்வொரு பரிசோதனையும் ஏதோ இருக்கிறது, இதில் மாட்டவில்லை, அடுத்ததில் மாட்டும் என்றுதான் மனசுக்குச் சொல்லிக் கொடுத்தது. ஒரு தடவை முழுசாகப் பார்த்த பிறகு, இன்னொரு டெஸ்டுக்குக் கை நீளும்போது உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இதை டாக்டர் எழுதிக் கொடுத்தாரா, நானாகக் கேட்டேனா? என் ஃபைலில் இருக்கும் ரிப்போர்ட்டுகளில் பாதிக்கு மேல் நான் கேட்டு வாங்கியவை.

வீட்டிலும் ஒரு சின்ன ஆஸ்பத்திரி உருவானது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் தலையணைக்கடியில் வந்து சேர்ந்தது. பிபி மிஷின் ஒன்று, நாடித்துடிப்பு காட்டும் வாட்ச் ஒன்று. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை பார்ப்பேன். உட்கார்ந்திருக்கும்போது 60-லிருந்து 100 வரை இருப்பது இயல்பு என்று தெரியும். ஆனால் 96 என்று காட்டினால் ஏன் 96 என்று பயம் வரும், அந்தப் பயத்தில் 108 ஆகும், பார்த்தாயா ஏறுகிறது என்று இன்னும் பயம். ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ‘இடது கை வலி’ என்று தேடுவேன். பதினைந்து காரணம் போட்டிருப்பான், பதினாலு சாதாரணமானது. என் கண் நேராக பதினைந்தாவதுக்குப் போகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

இன்னொரு பைத்தியக்காரத்தனத்தையும் சொல்ல வேண்டும், வேறு யாரும் செய்யக் கூடாது என்பதற்காக. நெஞ்சுவலி வந்தால் உடனே போட்டுக்கொள்ள வேண்டிய மாத்திரைகள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆட்களுக்கு வாரச் சம்பளம் எண்ணிக்கொண்டிருந்தபோது படபடப்பு வந்தது. யாருக்கும் தெரியாமல் ஒன்றை வாயில் போட்டேன். அது ரத்தக்குழாயை விரித்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற மருந்து. எழுந்து நின்றேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது, பேக்கிங் டேபிளைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டேன். தலை பிளப்பது மாதிரி வலி. இதயத்தில் ஒன்றும் இல்லாதவன் இதய மாத்திரையால் விழுந்தேன். இந்த மாதிரி மாத்திரையை டாக்டர் உங்களுக்கென்று எழுதிக் கொடுக்காமல் தொடாதீர்கள்.

2023 ஜூனில் நாலாவது தடவையாக ராத்திரி எமர்ஜென்சிக்குப் போனேன். டியூட்டியில் இருந்தது சின்னப் பையன், இருபத்தாறு இருபத்தேழு வயசு இருக்கும். ஈசிஜியைப் பார்த்தான், பழைய ரிப்போர்ட்டை எல்லாம் பொறுமையாகப் புரட்டினான். “சார், இது பேனிக் அட்டாக் மாதிரி இருக்கு. ஒரு சைக்கியாட்ரிஸ்ட்டைப் பாத்தீங்கன்னா சரியாயிடும்” என்றான். பேனிக் அட்டாக் என்றால் திடீரென்று வரும் பயத் தாக்குதல். எனக்கு வந்த கோபம் சொல்ல முடியாது. உயிர் போகிறது என்று வந்தால் பைத்தியம் என்கிறானே! மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள், நல்லவேளை அவள் காதில் விழவில்லை என்று நினைத்தேன். அவன் சீட்டிலும் அதையே எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். அந்தச் சீட்டைக் கிழிக்கவும் மனசில்லை, காட்டவும் மனசில்லை. ஃபைலில் மற்ற ரிப்போர்ட்டுகளுக்குப் பின்னால் திருப்பிச் செருகி வைத்தேன். 14 மாதத்தில் எனக்குச் சரியான பதிலைச் சொன்ன ஒரே ஆள் அந்தப் பையன்தான். பெரிய டாக்டர்கள் எல்லாரும் “எல்லாம் நார்மல், டென்ஷன் ஆகாதீங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். டென்ஷன் ஆகாதே என்றால் எப்படி ஆகாமல் இருப்பது என்று யாராவது சொல்ல வேண்டாமா? சொன்னவனை நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. அந்த ஒரு சீட்டை மறைத்ததால் எனக்குப் போனது பத்து மாதம்.

அந்தப் பத்து மாதத்தில் என்னென்னவோ நடந்தது. அம்மா மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். தூக்கத்துக்கு என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையைத் தெரிந்த மெடிக்கலில் அதே பழைய சீட்டைக் காட்டி ஐந்து மாதம் வாங்கிப் போட்டேன். கம்பெனியில் ஒரு மாதம் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னில் வரியைத் தப்பாகப் போட்டுவிட்டேன், கம்பெனி 18 சதவீத வட்டி கட்ட வேண்டியதாயிற்று. பதினெட்டு வருஷ சர்வீசில் அது முதல் தப்பு. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

“இன்னைக்கு இருக்கறதப் பாருங்க, நாளைக்கு நடக்கறத நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று எல்லாரும் சொன்னார்கள். இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு ஒரு வெறுப்பே வந்துவிட்டது. கால் உடைந்தவனிடம் நடந்துதான் பாரேன் என்பது மாதிரி. அப்போது யாரோ சொல்லி, 1,500 ரூபாய் கட்டி இரண்டு நாள் தியான வகுப்புக்கும் போனேன். கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்றார்கள். நான்தான் ஒரு வருஷமாக வேறு வேலையே இல்லாமல் மூச்சையும் இதயத்தையும் கவனித்துக்கொண்டிருக்கிறேனே! மூன்றாவது நிமிஷம் நெஞ்சு அடிக்க ஆரம்பித்து எழுந்து ஓடிவந்துவிட்டேன். தியானத்தைக் குறை சொல்லவில்லை, என் மச்சானுக்கு அதனால்தான் தூக்கமே வருகிறது. ஆனால் உடம்பைப் பற்றிய பயத்தில் இருப்பவனுக்குக் கண்ணை மூடி உள்ளே பார் என்பது முதல் பாடமாக இருக்கக் கூடாது. உங்களுக்கும் அப்படி ஆனால், நமக்கு எதுவுமே சரிவராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

2024 பிப்ரவரியில் மகள் பள்ளியில் ஆண்டு விழா. அவள் எட்டாவது, கும்மி நடனத்தில் முன்வரிசை. நான் வழக்கம்போலக் கதவுக்குப் பக்கத்து நாற்காலி பார்த்து உட்கார்ந்தேன், ஏதாவது ஆனால் சட்டென்று வெளியே போக. ஒரு கையில் போனைப் பிடித்து வீடியோ எடுத்தேன், இன்னொரு கை விரல் வலது மணிக்கட்டு நாடியில். மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து எல்லாரும் வீடியோவைப் பார்த்தோம். 6 நிமிஷம் 12 விநாடி. முதல் ஒரு நிமிஷம் மேடை தெரிகிறது. அதற்கப்புறம் போன் மெல்ல மெல்ல இடது பக்கம் சாய்ந்து, மிச்சம் முழுக்க மேடைத் திரையும் ஒரு டியூப்லைட்டும்தான். பாட்டுச் சத்தம் மட்டும் கேட்கிறது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. “ஏனுங்க, இதுல புள்ளையே இல்லீங்களே” என்றாள் மனைவி. மகள் ஒன்றும் சொல்லவில்லை. தன் சிநேகிதியின் அப்பா எடுத்த வீடியோவை அனுப்பச் சொல்லி மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்த மண்டபத்தில் இரண்டரை மணி நேரம் இருந்தேன். அவள் என்ன நிறத்தில் பாவாடை கட்டியிருந்தாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அப்படியும் உடனே திருந்தவில்லை. ஏப்ரலில் ஒரு ராத்திரி ஒரு மணிக்கு மறுபடி வந்தது. மனைவி கார் சாவியை எடுக்கவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் அவள் என்றைக்கோ எழுதி ஒட்டி வைத்திருந்த 14416-க்கு போன் போட்டு என் கையில் கொடுத்தாள். டெலிமானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. எதிர்ப்பக்கம் ஒரு பெண் குரல். என்ன ஆகிறது என்று கேட்டுவிட்டு, “இதுவரைக்கும் எத்தனை ஈசிஜி எடுத்திருப்பீங்க?” என்றார். எழுந்துபோய் ஃபைலை எடுத்து எண்ணினேன். பதினேழு. எண்ணும்போதே அந்தப் பையன் எழுதிய சீட்டும் கைக்கு வந்தது. வாசித்துக் காட்டினேன். பேசி முடிக்கும்போது 25 நிமிஷம் ஆகியிருந்தது, படபடப்பும் அடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அது தானாக அடங்கியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அவர் சொன்னபடி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போனேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். பெஞ்சில் எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி நடப்பதற்குள் அவரே கையை ஆட்டி, “சார், டோக்கன் போட்டுட்டீங்களாங்? போடாம உக்காந்தா கூப்பிட மாட்டாங்க” என்றார். அவர் இரண்டு வருஷமாக வருகிறாராம். அவ்வளவுதான் என் மானம். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

டாக்டர் அம்மா இரண்டு காரியம் செய்தார். தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாமல், அளவைப் படிப்படியாகக் குறைத்து ஏழெட்டு வாரத்தில் நிறுத்தினார். நானாக ஒரு தடவை சட்டென்று நிறுத்தி மூன்று நாள் நடுங்கியது எதனால் என்று அப்போதுதான் புரிந்தது. இன்னொரு மாத்திரை, பதற்றத்துக்கான எஸ்சிடலோபிராம், சின்ன அளவில் தொடங்கினார். அது வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும், முதல் பத்து நாள் வயிற்றுப் புரட்டலும் பதற்றமும் கூடுதலாகவே இருக்கலாம் என்று முன்கூட்டியே சொன்னார். சொல்லியிருக்காவிட்டால் ஆறாம் நாளே தூக்கி எறிந்திருப்பேன். மாத்திரை எல்லாருக்கும் வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆரம்பித்தால் நன்றாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். அங்கே எனக்குப் பார்த்ததற்கும் மாத்திரைக்கும் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

கூடவே உளவியல் சிகிச்சையும் வேண்டும் என்றார். அதற்குக் கோயம்புத்தூரில் ஒரு உளவியல் நிபுணரிடம் போனேன், எட்டு தடவை, தடவைக்கு ஆயிரம் ரூபாய். நான் செலவழித்ததிலேயே உருப்படியான எட்டாயிரம் அதுதான். இரண்டாவது தடவை அவர் ஒரு நிமிஷம் வேகவேகமாக மூச்சு வாங்கி விடுங்கள் என்றார். இதயத்தில் கோளாறில்லை என்று ரிப்போர்ட்டுகளை எல்லாம் பார்த்த பிறகுதான் சொன்னார். ஸ்டாப்வாட்ச்சை ஆன் செய்தார். நாற்பது விநாடிக்குள் விரல் குறுகுறுத்தது, உதடு மரத்தது, தலை லேசானது, நெஞ்சு இறுகியது. பிப்ரவரி 7 ராத்திரி வந்தது அப்படியே, ஒன்றுவிடாமல், பகல் பதினொரு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது. “இப்ப உங்களுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார். “வேகமா மூச்சு விட்டேன்” என்றேன். சொல்லிவிட்டு நான் அழுதேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பயந்தால் மூச்சு தன்னால் வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கி விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால்தான் விரல் குறுகுறுப்பும் தலை கிறுகிறுப்பும். அதைப் பார்த்து இன்னும் பயம், இன்னும் வேகமாக மூச்சு. இந்த வட்டம் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், நாம் எதுவும் செய்யாவிட்டாலும் இறங்கிவிடுகிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே இருபது நிமிஷம் ஆகும். தானாக அடங்கியதை எல்லாம் ஈசிஜி அடக்கியது என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் காசு கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழித்தோம். ஆக்சிமீட்டர் பேட்டரி போச்சு. பிபி மிஷின் மாமியார் வீட்டுக்குப் போனது, அவருக்கு உண்மையிலேயே தேவை. வாட்ச்சை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழற்றி வைத்து, பிறகு இரண்டு நாள், பிறகு வாரம் முழுக்க. இதில் எல்லாம் கஷ்டமானது மனைவியிடம் கேட்பதை நிறுத்தியது. “எனக்கு ஒன்னும் ஆகாதுல்ல?” என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்பேன், அவளும் பாவம், “ஒன்னும் ஆகாதுங்க” என்பாள். அதுவும் ஒரு ஈசிஜிதான் என்றார் அந்த உளவியல் நிபுணர். அவளைக் கூப்பிட்டு, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தார். அதிலிருந்து நான் கேட்டால், “அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. சட்னி அரைக்கணும், தேங்காயத் துருவுங்க” என்பாள். முதல் வாரம் கொடுமைக்காரியாகத் தெரிந்தாள். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், ஆறுதல் சொல்லிச் சொல்லி நீங்கள் களைத்துப் போகாதீர்கள். அன்பாகப் பேச்சை வேறு வேலைக்குத் திருப்புங்கள்.

கவலைக்கென்று நேரம் ஒதுக்கும் முறைதான் எனக்கு ரொம்ப ஒத்துப்போனது, ஒருவேளை கணக்குக்காரன் என்பதால். 1980களில் அமெரிக்காவில் தாமஸ் போர்கோவெக் என்ற உளவியல் பேராசிரியரும் அவரோடு இருந்தவர்களும் சோதித்துப் பார்த்த முறையாம். தினமும் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஆறேமுக்கால் வரை, கம்பெனி மொட்டை மாடியில், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் ஒரே இடம். பகலில் கவலை வந்தால் விரட்டக் கூடாது, சண்டை போடக் கூடாது. ஒரு வரி எழுதிவிட்டு, ஆறரைக்கு வா என்று சொல்லிவிட வேண்டும். ஆறரைக்குப் போய் அந்தப் பட்டியலை எடுத்து நன்றாகவே கவலைப்பட வேண்டும். படுக்கப் போகும் நேரத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. நான் ஒரு நீளச் சிட்டை நோட்டில் கோடு போட்டேன். இடது பக்கம் கவலை. நடுவில், இன்றைக்கு இதற்குக் கையால் செய்கிற வேலை ஏதாவது இருக்கிறதா? வலது பக்கம் காலியாக விட்டு, பிறகு என்ன நடந்தது என்று நிரப்புவது. 20-ஆம் தேதி 3பி போடவில்லை என்பது கவலை மாதிரி தெரிகிற வேலை, அதை உடனே போட்டுவிட்டால் தீர்ந்தது. 45 வயசில் நான் போய்விட்டால் மகள் கல்யாணம் என்ன ஆகும் என்பதற்கு இன்றைக்குச் செய்ய ஒன்றுதான் இருந்தது, டெர்ம் இன்சூரன்ஸ். எடுத்துவிட்டேன். அதற்கு மேல் அந்த வரியில் வேலையில்லை. மூன்று மாதத்தில் 61 பதிவு. நாலு நடந்தது: ஒரு ஷிப்மெண்ட் தள்ளிப்போனது, மகளுக்குக் காய்ச்சல், ஜிஎஸ்டி போர்டல் கடைசி நாள் படுத்துக்கொண்டது, வீட்டு ஓனர் வாடகை ஏற்றியது. நெஞ்சைப் பற்றி எழுதிய 38-ல் ஒன்றும் நடக்கவில்லை. இந்த நோட்டு சொன்னதை எந்தக் கார்டியாலஜிஸ்ட் சொல்லியும் நான் நம்பியதில்லை.

இந்த நொடியில் இருப்பது என்பதை நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் பழகினேன். உள்ளே பார்த்துப் பார்த்துச் சலித்தவனுக்கு வெளியேதான் வேலை. சுற்றிலும் தெரிகிற ஐந்து பொருள், கேட்கிற நாலு சத்தம் என்று எண்ணுகிற பயிற்சி ஒன்றை உளவியல் நிபுணர் கொடுத்தார். எனக்கு அதுவும் இன்னொரு கணக்காகப் போய்விட்டது. பாத்திரம் கழுவுவதுதான் வேலைக்கு ஆனது. குழாய்த் தண்ணீர் முதலில் வெந்நீராக வந்து பிறகு பச்சைத் தண்ணீராக மாறும், அடிப்பிடித்த பால் பாத்திரத்தில் நகம் எந்த இடத்தில் வழுக்கும், எந்த இடத்தில் மாட்டும் என்பதெல்லாம் கைக்குத் தெரியும். மனசு ஓடிப்போகும், ஓடிப்போனது தெரிந்ததும் மறுபடி அந்தப் பாத்திரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். நாற்பது தடவை ஓடினால் நாற்பது தடவை. மனைவிக்கு இந்தச் சிகிச்சை முறையில் பரம திருப்தி.

ஆடி மாதம் மகளோடு சிவன்மலை போனேன். அதற்கு முன் ஒன்றரை வருஷமாகக் கார் ரோட்டிலேயே மேலே போய்த்தான் சாமி கும்பிடுவது, படி ஏறினால் நெஞ்சு அடிக்குமே. இந்தத் தடவை படியில் போகலாம் என்று நானே சொன்னேன். பாதியில் நெஞ்சு நன்றாகவே அடித்தது. நின்றேன். படி ஏறினால் அடிக்கத்தானே செய்யும் என்று ஒரு பக்கம், அடடா ஆரம்பித்துவிட்டது என்று இன்னொரு பக்கம். மகள் இரண்டு படி மேலே நின்று திரும்பிப் பார்த்தாள். “உக்காரலாங்களாப்பா?” என்றாள். வேண்டாம், மெதுவாகப் போகலாம் என்றேன். பச்சைப் பாவாடை, மஞ்சள் தாவணி, பின்னலில் கனகாம்பரம். ஒரு கொலுசு மட்டும் சத்தம் வராமல் இருந்தது, மணி விழுந்திருக்கும்.

சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மாத்திரை இன்னும் பாதி அளவில் ஓடுகிறது, எப்போது நிறுத்துவது என்பது டாக்டர் அம்மா கையில். ஆனி மாதம் தூரத்துச் சொந்தம் ஒருவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபோது இரண்டு வாரம் பழைய வியாதி எட்டிப் பார்த்தது, வாட்ச்சை எடுத்துக் கட்டிவிட்டேன், பிறகு கழற்றி வைத்தேன். நேற்று ராத்திரிகூட படுத்த கொஞ்ச நேரத்தில் படபடவென்று வந்தது. மணி பார்த்தேன், 11.40. பத்து நிமிஷம் பார்ப்போம் என்று மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இறக்கையில் ஒன்றில் மட்டும் தூசி அதிகம், ஞாயிற்றுக்கிழமை துடைக்க வேண்டும். அதற்கப்புறம் மணி பார்த்ததாக ஞாபகம் இல்லை.